எட்டு மைல் சாலைக்கு அந்தப் பக்கம்

வணக்கம். அமெரிக்காவில் நிறபேதம் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் பலர் உடனே சொல்வது, "அதெல்லாம் அந்தக் காலம் சார், ஒபாமாவே ஜெயிச்சாச்சே" என்பதுதான். நான் டெட்ராயிட் புறநகரில் குடியிருப்பவன், அதனால் ஒபாமாவை விட்டுவிட்டு ஒரு சுவரைப் பற்றிச் சொல்கிறேன்.

டெட்ராயிட் நகரின் வட எல்லை எட்டு மைல் சாலை. அதிலிருந்து தெற்கே, வீடுகளின் கொல்லைப்புறமாக, ஆறடி உயரத்தில் அரை மைல் நீளத்துக்கு ஒரு கான்கிரீட் சுவர் போகிறது. வெள்ளையருக்கு வீடு கட்டி விற்க நினைத்த ஒருவர் 1941-இல் எழுப்பியது. பக்கத்தில் கறுப்பர்கள் இருக்கிறார்கள், அங்கே வீட்டுக் கடனுக்கு உத்தரவாதம் தரமாட்டோம் என்று கையை விரித்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம், நடுவில் சுவர் வந்ததும் தந்தது. ஏதோ தெரு ரௌடிகள் செய்த வேலை இல்லை இது, ஃபைலும் முத்திரையுமாக அரசாங்கம் செய்தது. இன்று சுவருக்கு இரண்டு பக்கமும் கறுப்பர்கள்தான்; ஒரு பகுதியில் வண்ண வண்ணமாகப் படம் வரைந்திருக்கிறார்கள்.

வீடு விற்பதில் இனம் பார்க்கக் கூடாது என்ற சட்டம் 1968-இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் கையெழுத்தானது. சரி, வந்தது. ஆனால் அதற்கு முன்பே மலிவு வட்டியில் வீடு வாங்கியவர்களின் பிள்ளைகள் அந்த வீட்டை வைத்துப் படித்தார்கள், தொழில் தொடங்கினார்கள். கடன் மறுக்கப்பட்டவர் வாடகை கட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில், வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் வெள்ளையர் குடும்பத்தின் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பர் குடும்பத்துக்கு 45,000-கூட இல்லை.

அப்புறம் பள்ளிக்கூடம். டெட்ராயிட் பிள்ளைகளையும் புறநகர்ப் பிள்ளைகளையும் கலந்து படிக்க வைக்கும் திட்டத்தை 1974-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தள்ளிவிட்டது. இப்படியே விட்டால் பெருநகரங்கள் வெள்ளை ஊர், கறுப்பு ஊர் என்று இரண்டாகும் என்று நீதிபதி தர்குட் மார்ஷல் மாறுபட்டு எழுதினார், அப்படியேதான் ஆனது. டெட்ராயிட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் பள்ளியின் அன்றாடச் செலவுக்கு மாநிலம் பணம் தருகிறது, கட்டடத்துக்கோ பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சொத்து வரிதான். வீட்டு விலை சரிந்த ஊரில் என்ன தேறும்? 2016 ஜனவரியில் டெட்ராயிட் ஆசிரியர்கள் கூட்டாக லீவு போட்டுப் போராடியபோது, வகுப்பறைச் சுவரில் முளைத்த காளானைப் படமெடுத்துப் போட்டார்கள்.

நாமோ வீடு தேடும்போது ஏஜென்ட்டிடம் முதலில் கேட்பது "ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எப்படி?" என்றுதான். பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள், அதில் தப்பில்லை. "நாங்க மட்டும் வெறுங்கையோட வந்து முன்னேறலையா?" என்கிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நமக்குக் கதவு திறந்த 1965 குடியேற்றச் சட்டமே, கறுப்பர்கள் தடியடி வாங்கி நடத்திய உரிமைப் போராட்டத்தின் சூட்டில் நிறைவேறியது. நாம் வெறுங்கையோடும் வரவில்லை, பட்டத்தோடு வந்தோம். நம் தாத்தா எந்தத் தெருவில் இருந்தார் என்று எந்த வங்கியும் பார்க்கவில்லை. நன்றி, வணக்கம்.