நம்ம ஊர் கிளை நூலகம்: நோட்டில் கையெழுத்துப் போட்டீர்களா?

வணக்கம் மக்களே. சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், பின்னால் பஸ் ஸ்டாண்டு. நான் உட்கார்ந்திருப்பது எங்கள் ஊர் கிளை நூலகத்தின் வாசல் திண்ணையில். உள்ளே படம் எடுக்க வேண்டுமென்றால் அனுமதி வாங்க வேண்டும், நான் வாங்கவில்லை. அதுவும் இல்லாமல், உள்ளே பத்துப் பதினைந்து பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் மூஞ்சிக்கு நேராகக் கேமராவை நீட்டிக்கொண்டு "ஹாய் பிரெண்ட்ஸ்" என்று கத்த எனக்கே கூச்சமாக இருக்கிறது. அதனால் இன்றைக்கு முழுக்கத் திண்ணைப் பேச்சுதான்.

உண்மையில் இந்த வீடியோ போன வாரமே வந்திருக்க வேண்டும். டிரைபாட், மைக், குடை, பொண்ணு எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்து பார்த்தால் கதவில் பூட்டு தொங்குகிறது. வெள்ளிக்கிழமை! ஆறாம் வகுப்பிலிருந்து இங்கே வருகிறவள் நான். வெள்ளிக்கிழமை வார விடுமுறை, இரண்டாவது சனிக்கிழமையும் கிடையாது என்று ஊருக்கே சொல்லிக்கொண்டு திரிவேன். டீக்கடைக்காரர் பார்த்துச் சிரித்தார். "என்னம்மா, நீயுமா?" என்றார். சரி, அது போகட்டும்.

முதலில் ஒரு காகிதம் காட்டுகிறேன். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், தெரிகிறதா? எங்கள் வீட்டு வரி ரசீது. ஊராட்சியில் கட்டியது. வீட்டு வரி 340 ரூபாய். அதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கிறது பாருங்கள், என் கட்டை விரல் இருக்கிற இடம். நூலக வரி, 34 ரூபாய். ரூபாய்க்குப் பத்துப் பைசா. அப்பா வருஷா வருஷம் கட்டுகிறார். "இது என்னப்பா?" என்று கேட்டேன். "அது என்னமோ போடுவான், நானும் கட்டுவேன்" என்றார். அவர் நூலகப் படி ஏறி முப்பது வருஷம் ஆகியிருக்கும். ஆனால் முப்பது வருஷமும் காசு கட்டியிருக்கிறார்!

நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்பா மாதிரிதான். நூலகத்தை ஏதோ சர்க்கார் தர்மத்துக்கு நடத்துகிறது, போனால் போகிறது என்று வைத்திருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. 1948-ல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். சுதந்திர இந்தியாவில் வந்த முதல் நூலகச் சட்டம் அதுதான். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த சமயம். 1950 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தின் உயிரே இந்த வரிதான். ஊராட்சியோ நகராட்சியோ வீட்டு வரியோடு சேர்த்து வாங்கி, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய பணத்தைச் சில உள்ளாட்சிகள் ஒழுங்காகக் கொடுக்காமல் நிலுவை வைத்திருக்கிற செய்தி அவ்வப்போது பேப்பரில் வரும். அதைப் படித்துவிட்டு நாம் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நம்ம வீட்டு 34 ரூபாயும் அதில் இருக்கிறது என்று தெரிந்தால் அப்படித் திருப்ப மாட்டோம்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் நம்ம பக்கத்துக்காரர். எஸ்.ஆர். ரங்கநாதன், 1892-ல் சீர்காழியில் பிறந்தவர். கணக்கு வாத்தியாராக இருந்தார். 1924-ல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அவரைப் போட்டார்கள். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் உட்கார முடியவில்லை, என் பழைய வேலையைக் கொடுங்கள் என்று போய் நின்றிருக்கிறார் மனுஷன். லண்டனுக்குப் போய் அங்கே உள்ள நூலகங்களைப் பார்த்த பிறகுதான் மனசு மாறியது. 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்காக. கேட்டால் இதிலென்ன இருக்கிறது என்று தோன்றும். பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்ட காலத்தில் சொன்னது அது.

அதே 1931-ல் மன்னார்குடி பக்கம் மேலவாசல் கிராமத்திலிருந்து மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். கனகசபைப் பிள்ளை என்பவர் ஏற்பாடு செய்தது. ரங்கநாதனுக்கும் அதில் பங்கு உண்டு. இங்கிருந்து மன்னார்குடிக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். பள்ளிக்கூடத்தில் எனக்கு இதை யாருமே சொல்லவில்லை என்பதில் கொஞ்சம் கோபம்கூட உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே போனதும் இடது பக்கம் ஒரு சின்ன மேசை, அதன் மேல் ஒரு நீள நோட்டு, நூலில் கட்டிய பேனா. வருகைப் பதிவேடு. பெயர், ஊர், கையெழுத்து. அவ்வளவுதான். இதில் கையெழுத்துப் போடாமல் போகிறவர்கள்தான் அதிகம். நான் இன்று காலை எண்ணிப் பார்த்தேன். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் இருபத்து மூன்று பேர், நோட்டில் இருந்த பெயர்கள் ஒன்பது. பேப்பர் படிக்கிற தாத்தாக்கள் ஒருவர்கூடப் போடுவதில்லை. "தினமும் வர்றோம், என்னைத் தெரியாதா?" என்கிறார்கள். நூலகர் அக்காவுக்குத் தெரியும் தாத்தா, சென்னைக்குத் தெரியாதே!

ஒரு நூலகத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள், எத்தனை உறுப்பினர்கள், எத்தனை புத்தகம் இரவல் போகிறது என்பதெல்லாம் மேலே கணக்காகப் போகிறது. பகுதி நேர நூலகத்தை ஊர்ப்புற நூலகம் ஆக்க வேண்டும், ஊர்ப்புற நூலகத்தைக் கிளை நூலகம் ஆக்க வேண்டும் என்று மனுக் கொடுத்தால் இந்த எண்ணிக்கைகளைத்தான் புரட்டுவார்கள். தமிழ்நாடு முழுக்க 4,600-க்கு மேல் நூலகங்கள் இருக்கின்றன. எல்லாருக்கும் ஃபேன் வேண்டும், எல்லாருக்கும் நாற்காலி வேண்டும். நம்ம நோட்டில் ஒன்பது பேர் இருந்தால் ஒன்பது பேருக்கு எத்தனை ஃபேன் வேண்டுமோ அத்தனைதான் வரும்.

உறுப்பினர் ஆவது எப்படி என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். முகவரிக்கு ஆதார் நகல், காப்புத்தொகை, வருஷச் சந்தா. இவ்வளவுதான். தொகை ரொம்பச் சின்னது, ஒரு பிரியாணிக்கு ஆகிற காசுகூட ஆகாது. காப்புத்தொகையை நாம் உறுப்பினரிலிருந்து விலகும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம். எங்கள் கிளையில் பதினைந்து நாள் தவணை. தாண்டினால் தாமதக் கட்டணம் உண்டு, பயப்படுகிற அளவுக்கு இல்லை. ஆனால் புத்தகத்தைப் பாழாக்கினால் அது வேறு கதை. போன மழையில் நான் ஸ்கூட்டி டிக்கியில் வைத்து மறந்த புத்தகம் அப்பளம் மாதிரி ஊறிப்போனது. அக்கா திட்டவில்லை. புத்தகத்தை வாங்கி ஜன்னலோரம் விரித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலாம். அதே புத்தகத்தைத் தேடிப் பிடித்து, புதிதாக வாங்கிக் கொடுத்தேன்.

இது இப்போது கையில் இருக்கிற புத்தகம். பின்னட்டையைத் திறக்கிறேன். இந்தச் சீட்டு, தேதி முத்திரை குத்துவது. முன்பக்கம் ஊதா மையில் நூலக முத்திரை. பக்கத்தில் இன்னொரு முத்திரை இருக்கிறது, பாருங்கள்: ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை. கொல்கத்தாவில் 1972-ல் தொடங்கியது, மத்திய அரசின் கீழ் இருக்கிறது, மாநில நூலகங்களுக்குப் புத்தகம் வாங்க உதவுகிறது. வீட்டு வரிப் பணம் ஒரு பக்கம், கொல்கத்தாப் பணம் ஒரு பக்கம். நடுவில் இந்த டிக்கி மழை.

அப்புறம் உள்ளே நடக்கிற சண்டையைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் இந்த ஊர்க்காரியே இல்லை. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 அறிவிப்பு வந்தால் போதும், காலை எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே பிள்ளைகள் வரிசை கட்டிவிடுகிறார்கள். பெரிய மேசை இரண்டும் அவர்களிடம். பேப்பர் படிக்க வரும் தாத்தாக்கள் நின்றுகொண்டே படிக்கிறார்கள். பிள்ளைகள் நூலகப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை, சொந்த கைடைக் கொண்டுவந்து படிக்கிறார்கள், இது என்ன டியூஷன் சென்டரா என்பது தாத்தாக்கள் கட்சி. வீட்டில் ஒரே அறை, டிவி ஓடுகிறது, எங்கே போய்ப் படிப்பது என்பது பிள்ளைகள் கட்சி.

நான் பிள்ளைகள் பக்கம். சென்னை கோட்டூர்புரத்தில் 2010-ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கவே தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒன்பது தளக் கட்டடத்துக்கு அது சுலபம், எங்களுடையது ஒரு ஹாலும் ஒரு சின்ன அறையும். ஆனால் படிக்க இடம் தேடி வருகிறவர்களை வெளியே போ என்று சொல்கிற நூலகம் எதற்கு? தாத்தாக்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இப்போதைக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒன்பது மணி வரை ஒரு மேசை பேப்பருக்கு. பை எல்லாம் வெளி அலமாரியில். போன் பேச வேண்டுமானால் திண்ணைக்கு வர வேண்டும், அதாவது நான் இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு.

தயவுசெய்து ஒன்று மட்டும். வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பிளேடால் கிழித்துக்கொண்டு போகிற புண்ணியவான் யாரோ இருக்கிறீர்கள். வாரா வாரம் அந்தப் பக்கத்தில் ஜன்னல் மாதிரி ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாகப் பின்பக்கத்து சினிமா விளம்பரம் தெரிகிறது. போனில் போட்டோ எடுத்துக்கொள்ளக் கூடாதா ஐயா? அந்த வேலைக்குப் போட்டி குறையட்டும் என்று கிழிக்கிறீர்களோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. குறுக்கெழுத்தைப் பேனாவால் நிரப்புகிறவரை நான் மன்னித்துவிட்டேன். பாதி தப்பாகத்தான் எழுதுகிறார்.

புதுப் புத்தகம் வரமாட்டேன் என்கிறது என்று எல்லாரும் அக்காவிடம் சண்டைக்குப் போகிறீர்கள். புத்தகத்தைக் கடைக்குப் போய் வாங்குகிற அதிகாரம் அவர் கையில் இல்லை. கொள்முதல் மாநில அளவில் நடக்கிறது, இப்போது அதற்கு ஒரு இணையதளமும் உண்டு. உங்கள் வீட்டில் இருக்கிற நல்ல புத்தகத்தைத் தானமாகக் கொடுக்கலாம். நல்ல புத்தகம் என்றேன். போன தீபாவளிக்கு ஒருவர் மூட்டை கட்டிக் கொண்டுவந்து வைத்தார், பிரித்தால் 2009-ம் வருஷத்துப் பன்னிரண்டாம் வகுப்பு நோட்ஸும் கல்யாணப் பத்திரிகைகளும். ஆயிரம் ரூபாய் கட்டினால் நீங்கள் புரவலர், பெயர்ப் பலகையில் ஏறும். எங்கள் பலகையில் கடைசிப் பெயருக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவில் நிறைய இடம் காலியாக இருக்கிறது.

வயசானவர்கள், மாற்றுத்திறனாளிகள், வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு வீட்டுக்கே புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிற நூலக நண்பர்கள் என்ற திட்டம் இருக்கிறது. தன்னார்வலர்கள்தான் கொண்டுபோக வேண்டும். எங்கள் தெருக் கடைசியில் இருக்கிற ஆச்சிக்குக் கண் நன்றாகத் தெரியும், முழங்கால்தான் மடங்காது. நான் பெயர் கொடுத்திருக்கிறேன். ஆச்சிக்குத் துப்பறியும் கதைகள் மட்டும்தான் வேண்டுமாம். "சாமி புஸ்தகம் கொண்டாந்தா வாங்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்" என்றார்.

ஊர்ச் செய்திகள் இரண்டு. வாசகர் வட்டக் கூட்டம் இந்த ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு. சிறுவர்களுக்குக் கதை சொல்வது அதற்கு முன்னால், மூன்று மணிக்கு. போன தடவை பதினோரு குழந்தைகள் வந்தார்கள், அதில் நாலு பேர் என் பொண்ணோடு வந்த கூட்டாளிகள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், அதற்குப் பேச்சுப் போட்டி, ஓவியப் போட்டி நடத்த வேண்டும், பரிசுக்கு ஆள் தேடுகிறோம். சிறுவர் பகுதிக்கு மேலே கூரை ஒழுகுகிறது. அங்கே ஒரு பச்சை வாளி இருக்கிறது. வாளியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள், அது நூலகச் சொத்து. கூரைக்கு மனு போயிருக்கிறது. மனுவோடு உறுப்பினர் எண்ணிக்கையும் வருகை எண்ணிக்கையும் போயிருக்கின்றன. அதனால்தான் காலையிலிருந்து நோட்டு, நோட்டு என்று உயிரை வாங்குகிறேன்.

அப்பாவை இன்று கூட்டிக்கொண்டு வந்தேன். உள்ளேதான் இருக்கிறார். கையெழுத்துப் போடச் சொன்னதற்கு, ரசீதில் போடுகிற மாதிரி முழுப் பெயரையும் இனிஷியலோடு எழுதி, அடியில் ஒரு கோடு வேறு இழுத்தார். இப்போது பத்தாவது பெயர்.

மணி பதினொன்று ஆகப்போகிறது, கதவைச் சாத்துவார்கள், மறுபடி நாலு மணிக்குத்தான். அக்கா எட்டிப் பார்க்கிறார். என்னக்கா? ... சரிக்கா. "நாளைக்கு வெள்ளிக்கிழமை, ஞாபகம் இருக்கா?" என்று கேட்கிறார். டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.