பீரங்கியைத் தூக்குமுன் தொட்டியைக் கட்டுங்கள்

(அட்டனில் ஆசிரியர்கள், உயர்தர மாணவர்கள் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே,

பீரங்கி என்றதும் மலையகத்தில் பலருக்கும் கண்டிப் பீரங்கிதான் நினைவுக்கு வரும். 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையிட்டுப் போனது; 2023இல் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தது. அது வெண்கலம், காலத்தைத் தாங்கும். இன்று நான் பேசப்போவது கடலடியில் கிடக்கும் வார்ப்பிரும்புப் பீரங்கியைப் பற்றி.

1659இல் காலித் துறைமுகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் அவொண்ட்ஸ்டர் கப்பல் மூழ்கியது. அதன் சிதைவோடு இரும்புப் பீரங்கிகளும் கிடந்தன. இப்படியொன்றைப் பார்த்ததும் தூக்கிவிடத்தான் கை துறுதுறுக்கும். தயவுசெய்து பொறுங்கள். முதலில் அதை ஊறவைத்து உப்பை வெளியேற்றத் தொட்டி கட்டவேண்டும்.

ஏன்? வார்ப்பிரும்பில் 3 முதல் 4 சதவீதம் வரை காபன் உண்டு. கடல்நீர் இரும்பை மெல்லக் கரைத்துவிட, மேற்பகுதியில் பென்சிற்கரி (கிராஃபைட்டு) மட்டும் அதே வடிவத்தில் நிற்கும். வார்த்தவர் பொறித்த சின்னமும் எடைக் குறியும் அந்த மென்மையான படையில்தான் இருக்கின்றன. கத்தியால் சீவினால் சீவுப்படும். உள்ளே கடலுப்பின் குளோரைட்டு ஊறியிருக்கும். காற்றுப் பட்டதும் ஒட்சிசனும் ஈரமும் சேர்ந்து புதுத் துரு பருக்கும், படை வெடித்துச் செதில் செதிலாக உதிரும். போன சின்னத்தை எந்த நிபுணராலும் மீட்கமுடியாது.

தூக்கும் கணக்கு எளிது. ஒரு தொன் பீரங்கி கடல்நீருக்குள் ஏறத்தாழ 860 கிலோதான் கனக்கும். மேலே ஒட்டிய சுண்ணாம்பு ஓட்டின் எடையையும் கூட்டிக்கொள்ளுங்கள். அகலப் பட்டிகள் இரண்டைக் குழலின் உடம்பில் போடவேண்டும். பக்க முளைகளிலோ பின்குமிழிலோ கயிறு கட்டக்கூடாது. காற்றுப் பையால் தூக்கினால், 10 மீற்றர் ஆழத்தில் இருந்த காற்று மேற்பரப்பில் இருமடங்காக விரியும். வால்வைத் திறந்துவிடாவிட்டால் பை பாய்ந்து மேலேறும், பட்டி நழுவும்.

கரையில் ஈரச் சாக்கால் மூடி, காயவிடாமல் தொட்டிக்குக் கொண்டுபோகவேண்டும். ஓட்டைச் சிற்றுளியால் தட்டி எடுத்தபின், ஒரு லீற்றருக்கு 20 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைத்த நீரில் பீரங்கி இறங்கும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். குளோரைட்டை வெளியே இழுக்க மின்னோட்டம் செலுத்தவேண்டும்: பீரங்கிக்கு மறை (−) முனை, சுற்றிலும் உருக்கு வலைக்கு நேர் (+) முனை, குழல் துளைக்குள் நேர் முனையோடு சேர்ந்த ஒரு கம்பி. வலை பீரங்கியில் முட்டினால் குறுஞ்சுற்று. மறை முனைக் கம்பி உள்ளேயுள்ள நல்ல இரும்பைத் தொடவேண்டும்.

இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. மின்னோட்டத்தைக் கூட்டினால் ஐதரசன் குமிழிகள் பென்சிற்கரிப் படைக்கு அடியில் எழும்பி, காப்பாற்ற வந்த படையையே பெயர்த்துவிடும். குறைந்த மின்னோட்டம், நல்ல காற்றோட்டம், ஒழுங்கான குளோரைட்டுச் சோதனை. கரைசலில் குளோரைட்டின் அளவு ஏறாமல் நின்றதும் கரைசலை மாற்றவேண்டும். பெரிய பீரங்கிக்கு இது ஆண்டுக்கணக்கான வேலை. அதற்கு ஆளும் பணமும் இல்லையென்றால், பீரங்கி மணலுக்கடியில் இருப்பதே மேல்.

பிறகு கழுவி உலர்த்தித் தனிக்கமிலம் என்ற துவர்ப்பு அமிலத்தைப் பூசுவார்கள். கவ்வாத்துக் கத்தியில் தேயிலைச் சாறு பட்டுக் கறுக்கிறதே, அதே வகைத் தாக்கம்தான். அதன்மேல் உருக்கிய மெழுகு.

நூதனசாலையில் இரும்புப் பீரங்கியைப் பார்த்தால் குனிந்து அடிவயிற்றைக் கவனியுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் வியர்வைத் துளிகள்போல அரும்பியிருந்தால் உள்ளே உப்பு மிச்சமிருக்கிறது. துடைக்காமல், அங்குள்ள பொறுப்பாளரிடம் உடனே சொல்லுங்கள்.