ஹாட் பிளேட் ஸ்டிரரை 60 டிகிரியில நிக்க வெச்ச கதை

வணக்கம் மக்களே. மொதல்ல இந்தச் சத்தத்தைக் கேளுங்க... டிக். கேட்டுச்சா? நம்ம ஹாட் பிளேட் ஸ்டிரருக்குள்ள, அதாவது பீக்கரைச் சூடாக்கிக்கிட்டே உள்ள இருக்கிறதைக் கலக்கிவிடற மெஷினுக்குள்ள, இருக்கிற தெர்மோஸ்டாட் அது. ரெண்டு உலோகத்தை ஒட்டின ஒரு சின்னப் பட்டை. சூடு ஏறினா வளைஞ்சு கரண்டை கட் பண்ணும், ஆறினா நிமிர்ந்து திரும்ப ஆன் பண்ணும்.

எனக்கு பீக்கர்ல தண்ணி 60 டிகிரியில நிக்கணும். குமிழை 60-ல வெச்சா 45-ஐத் தாண்டல. கொஞ்சம் கூட்டினா 72 வரைக்கும் போயிட்டு இறங்குது. ஏன்னா அந்தப் பட்டைக்குத் தெரிஞ்சது பிளேட்டோட சூடு மட்டும்தான். பிளேட்டும் கனமான உலோகம், கரண்ட் நின்ன பிறகும் அதுல சேர்ந்த சூடு தண்ணிக்குள்ள ஏறிக்கிட்டேதான் இருக்கும்.

அதனால சென்சாரைத் தண்ணிக்குள்ளயே விட்டுட்டேன். பிடி100-ங்கிற பிளாட்டினம் சென்சார், எஃகு உறை போட்டது. அது ஒரு பிஐடி கன்ட்ரோலருக்குப் போகுது, சூட்டைப் பார்த்து ஹீட்டருக்கு எவ்வளவு பவர் வேணும்னு கணக்குப் போடறது அதுதான். அங்கிருந்து எஸ்எஸ்ஆர், அதாவது சாலிட் ஸ்டேட் ரிலே, கன்ட்ரோலர் சொல்றபடி ஹீட்டரை ஆன், ஆஃப் பண்ற எலக்ட்ரானிக் சுவிட்ச். வாங்கும்போது கன்ட்ரோலர் மேல ஒட்டியிருக்கிற லேபிளைப் படிங்க. ரிலே அவுட்புட் உள்ளதும் எஸ்எஸ்ஆர் அவுட்புட் உள்ளதும் முன்னாடி பார்த்தா ஒரே மாதிரிதான் இருக்கும், நமக்கு வேணும்கிறது எஸ்எஸ்ஆர் அவுட்புட் உள்ளது.

இப்ப உள்ள பாருங்க. பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் திறந்திருக்கேன். இந்த வயர் மோட்டாருக்கு, இந்தத் தடியான வயர் ஹீட்டருக்கு. எஸ்எஸ்ஆர் ஹீட்டரோட லைன்ல மட்டும்தான் வரணும். மெயின் வயர்லயே போட்டுட்டா, ஹீட்டர் நிக்கும்போதெல்லாம் மோட்டாரும் நிக்கும். கலக்காத தண்ணியில அடியில ஒரு சூடு, மேல ஒரு சூடு. அப்புறம் சென்சார் சொல்றதை எப்படி நம்புறது? எர்த் வயரைத் தொடவே தொடாதீங்க.

இந்த ஹீட்டர் 600 வாட், 230 வோல்ட்ல 2.6 ஆம்பியர். எஸ்எஸ்ஆர்ல ஆம்பியருக்கு ஏறக்குறைய ஒரு வாட் சூடாவே போகும். அதான் அலுமினிய ஹீட் சிங்க்ல திருகி, பெட்டிக்கு வெளிய வெச்சிருக்கேன்.

அடுத்து ஆட்டோ டியூன், அதாவது கன்ட்ரோலர் தானே சூடாக்கிப் பார்த்து அதோட கணக்கைச் சரி பண்ணிக்கிறது. மொத தடவை 100 மில்லி தண்ணி வெச்சு ஓட்டினேன். பிறகு 500 மில்லி வெச்சா சூடு மேலயும் கீழயும் ஆடுது. நீங்க வழக்கமா எவ்வளவு வெப்பீங்களோ அதே அளவு வெச்சு, ஸ்டிரரையும் வழக்கமான வேகத்துல ஓடவிட்டு டியூன் பண்ணுங்க. அப்படிப் பண்ணினதும்... இங்க பாருங்க, 60.1... 60.0... 59.9. பார்க்கவே சந்தோஷமா இருக்கு.

ஆனா இதை முக்கியமாச் சொல்லணும். போன வாரம் சென்சார் வழுக்கி பீக்கருக்கு வெளிய வந்துடுச்சு. நான் கவனிக்கல. சென்சார் வயர் அறுந்திருந்தா கன்ட்ரோலர் எரர் காட்டி ஹீட்டரை நிறுத்தியிருக்கும். இது அறை சூட்டைத்தான் காட்டுது, 31 டிகிரி, சரியான ரீடிங்! கன்ட்ரோலர் என்ன பண்ணும்? இன்னும் சூடாகலன்னு முழு பவரும் கொடுத்துச்சு. திரும்பிப் பார்த்தா தண்ணி தளதளன்னு கொதிக்குது. வெறும் தண்ணிங்கிறதால தப்பிச்சேன்.

அதனாலதான் பழைய தெர்மோஸ்டாட்டைக் கழட்டாம சீரீஸ்லயே, அதாவது ஹீட்டருக்குப் போற அதே லைன்லயே, விட்டிருக்கேன். தண்ணி 60-ல நிக்க பிளேட் எவ்வளவு சூடா இருக்கணுமோ, அதுக்குக் கொஞ்சம் மேல குமிழை வெச்சுட்டா, சென்சார் வெளிய வந்தாலும் பிளேட் அதைத் தாண்டாது. எஸ்எஸ்ஆர் கெட்டுப்போனாலும் பெரும்பாலும் உள்ளயே ஷார்ட் ஆகி, ஹீட்டர் ஆன்லயே மாட்டிக்கும். அப்பவும் தடுக்கறது இந்தப் பட்டைதான். இது தொடும்போதும் விடும்போதும் சின்னப் பொறி வரும், அதனால அசிட்டோன், எத்தனால் மாதிரி தீப்பிடிக்கிற எதையும் இதுல நான் வெக்கறதில்ல.

சென்சாரை இப்ப ஸ்டாண்ட்ல கிளாம்ப் போட்டு இறுக்கியிருக்கேன். நுனி அடியைத் தொடாம, சுழலோட நடுவுலயும் இல்லாம, கொஞ்சம் ஓரமா. தண்ணி ஆவியாகி மட்டம் குறைஞ்சாலும் நுனி முங்கியே இருக்கிற ஆழத்துல.