பூசாத சுவரின் அழகு: செங்கல், சுண்ணாம்பு, மரம் கொண்டு அமையும் வீடு

[காட்சி: காலை வெயில் சாய்வாக விழும் ஒரு செங்கல் சுவர். கேமரா அதை ஒட்டி மெதுவாக நகர்கிறது.]

வணக்கம். செங்கல் வெளியே தெரியும் வீட்டைப் பார்த்து, பணம் போதாமல் பூச்சு வேலை பாதியில் நின்றுவிட்டது போலும் என்று அக்கம்பக்கத்தார் பரிதாபப்பட்ட காலம் ஒன்று உண்டு. இன்று அதே தோற்றத்தைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே சுவர் அல்ல. பூச்சுக்குள் மறையப்போகும் சுவரில் கொத்தனார் உடைந்த கல்லையும் வைத்துவிடலாம், கலவை வழிந்து உறைந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை, ஒயர் போவதற்குக் காடி வெட்டிப் பிறகு மூடிக்கொள்ளலாம். பூசாமல் விடப்போகும் சுவரில் இவற்றில் ஒன்றுக்குக்கூட இடமில்லை. கட்டும்போதே முடிப்பு வேலையும் நடந்தாக வேண்டும். ஆகவே நாட்டுப்புறத் தோற்றம் வேண்டும் என்ற முடிவை, அறைக்கலன் வாங்கும் நாளில் அல்லாமல், சுவர் எழும்பும் முன்பே எடுக்க வேண்டும்.

[காட்சி: திருவனந்தபுரத்தின் செங்கல் கட்டடங்கள், துளைச்சுவர் வழியே தரையில் விழும் ஒளிப்புள்ளிகள்.]

தென்னிந்தியாவில் இந்தச் சுவருக்கு மதிப்பைத் தேடித் தந்தவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் லாரி பேக்கர். 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் இந்தியாவுக்கு வந்து, பின்னாளில் திருவனந்தபுரத்தையே தம் ஊராக்கிக்கொண்டு 2007இல் அங்கேயே மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், செங்கல்லைச் சாந்தால் மூடி அதன்மேல் வண்ணம் அடிப்பதைத் தேவையற்ற செலவாகவே கருதினார். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இடைவெளி விட்டு அவர் கட்டிய துளைச்சுவர்கள், கண்ணாடியும் கம்பியும் இல்லாமலே வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விடுகின்றன. எலிப்பொறிக் கட்டு, அதாவது பொறியாளர்கள் ராட்-ட்ராப் பாண்ட் என்று சொல்லும் முறையைப் பரவலாக்கியவரும் அவரே. வழக்கமாகப் படுக்கையில் வைக்கும் கல்லை இந்த முறையில் விளிம்பில் நிறுத்தி, இரண்டு முகங்களுக்கும் நடுவே ஏறத்தாழ 3 அங்குலக் கூடு விட்டு, இடையிடையே குறுக்குக் கல்லால் இணைத்து 9 அங்குலச் சுவரை எழுப்புகிறார்கள். இதனால் கல்லில் சுமார் கால் பங்கு மிச்சமாகிறது. உள்ளே அடைபட்ட காற்று வெயிலின் சூட்டை மெதுவாகவே உள்ளே கடத்துகிறது. மேற்குப் பார்த்த அறையில் மே மாதத்தைக் கழித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

[காட்சி: செங்கல் அடுக்குகள், இரண்டு கற்களைத் தட்டிப் பார்க்கும் கைகள்.]

இனிக் கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு வருவோம். எந்திரத்தில் அறுத்தெடுக்கும் ஒயர்கட் செங்கல்லின் விளிம்பு கூர்மையாகவும் அளவு சீராகவும் இருக்கும். கையால் அச்சிட்டுச் சூளையில் சுட்ட நாட்டுச் செங்கல்லில் நிறமும் அளவும் கல்லுக்குக் கல் மாறும். நாட்டுப்புறத் தோற்றத்துக்கு இரண்டாவதே பொருந்தும் என்பது என் கருத்து. தீக்கு அருகே இருந்த கல் கருஞ்சிவப்பாகவும் சற்றுத் தள்ளியிருந்த கல் இளஞ்சிவப்பாகவும் வருவதால், பத்தடிச் சுவரில் எந்த இரண்டு இடமும் ஒன்றுபோல இருப்பதில்லை. மிகவும் வெளிறிய கல்லை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். அது வேகாத கல். நல்ல கற்கள் இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கும், நகத்தால் கீறினால் கோடு விழாது. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறிய கல், உலர்ந்த எடையைவிட 20 சதவீதத்துக்கு மேல் கூடக் கூடாது என்பது சாதாரணச் செங்கல்லுக்கான இந்தியத் தர வரம்பு. பூசாத சுவருக்கு அதைவிடக் குறைந்திருப்பது நல்லது. இன்னொன்று: ஒரு லாரிக் கல்லை முழுதாகக் கட்டி முடித்துவிட்டு அடுத்த லாரிக் கல்லை எடுத்தால் சுவரில் பட்டைபட்டையாக நிறம் மாறித் தெரியும். இரண்டு மூன்று அடுக்குகளிலிருந்து கலந்து எடுத்துக் கொடுக்கச் சித்தாளிடம் சொல்லிவைக்க வேண்டும்.

கட்டும்போது கவனம் முழுவதும் இணைப்பில்தான் இருக்க வேண்டும். வரிகளுக்கு இடையே 10 மில்லிமீட்டர் அளவில் கலவை ஒரே சீராக ஓட, நூல் கட்டியும் தூக்குக்குண்டு விட்டும் ஒவ்வொரு வரியையும் சரிபார்க்க வேண்டும். கலவை இறுகுவதற்கு முன்பே இணைப்பை அரை அங்குல அளவுக்குச் சுரண்டி வைத்தால்தான் பிறகு பாயிண்டிங், அதாவது இணைப்பின் வெளிமுகத்தைக் கலவையால் நிரப்பி முடிக்கும் வேலை, பிடித்து நிற்கும். கல்லின் முகத்தில் வழிந்த கலவையை அன்றைக்கே ஈரச் சாக்கால் துடைத்துவிட வேண்டும். நாள் கடந்தபின் அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்று சொல்பவர்கள் உண்டு, ஆனால் அமிலம் கலவையோடு கல்லின் நிறத்தையும் அரிக்கக்கூடியது. சுவிட்சுப் பெட்டி எங்கே வரும், குழாய் எந்த வழியாகப் போகும் என்பதையெல்லாம் முதல் வரி வைப்பதற்கு முன்பே வரைபடத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

[காட்சி: வெள்ளை படர்ந்த செங்கல் சுவர், அருகிலிருந்து.]

கட்டி முடித்த சில மாதங்களில் சுவரில் வெண்பொடி பூத்தால் பலர் பதறிப்போகிறார்கள். கல்லிலோ மணலிலோ தண்ணீரிலோ இருந்த உப்பு, ஈரம் ஆவியாகும்போது வெளியே வந்து படிவதால் இது நேர்கிறது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி கல்லுக்குள்ளேயே போகும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து உதிர்ப்பதே சரி. சுவர் நன்றாகக் காய்ந்தபின், பளபளக்கும் வார்னிஷுக்குப் பதிலாக, ஈரத்தை வெளியே விடக்கூடிய சிலேன் வகை நீர்த்தடுப்புப் பூச்சை அடிக்கலாம். வார்னிஷ் அடித்த செங்கல் பிளாஸ்டிக் போலத் தோன்றுவதோடு, உள்ளே சிக்கிய ஈரத்தால் தோலுரியவும் தொடங்கும்.

ஏற்கெனவே பூசிய வீட்டில் வசிப்பவர்கள், இருக்கும் பூச்சைக் கொத்தி எடுத்தால் செங்கல் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். மறைப்பதற்கென்று கட்டிய சுவரின் பின்னே என்ன இருக்கும் என்பதைத் தொடக்கத்திலேயே சொன்னேன். அங்கே அரை அங்குலப் பருமனில் கிடைக்கும் செங்கல் பட்டைகளை ஒரு சுவரில் மட்டும் ஒட்டிக்கொள்ளலாம். மூலைக்கு எல் வடிவத் துண்டுகளை வாங்குங்கள். இல்லையென்றால் விளிம்பில் பட்டையின் கனம் தெரிந்து, ஒட்டியது என்ற உண்மை வெளிப்பட்டுவிடும்.

[காட்சி: மண்டகப்பட்டுக் குடைவரையின் முகப்பு.]

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில், 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய நான்கும் இல்லாமல் பாறையைக் குடைந்து இக்கோயிலை எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமை பேசுகிறான். அவற்றைத் தவிர்த்ததே பெருமை என்றால், அன்றைய கட்டடங்களுக்கு அவைதான் வழக்கமான பொருள்கள் என்று பொருள். நம்முடைய பட்டியலும் ஏறத்தாழ அதுதான்.

நான்கு சுவரையும் செங்கல்லாகவே விட்டால் அறை இருண்டு போகும், ஏனெனில் செங்கல் வெளிச்சத்தை விழுங்கும். ஒரு சுவரை அப்படியே விட்டு, மற்றவற்றைச் சுண்ணாம்பால் முடிப்பது பொருத்தமாக இருக்கும். நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய பல கோட்டாக அடிக்கும்போது வரும் வெண்மையில் லேசான மேகம் போன்ற ஏற்றத்தாழ்வு இருக்கும். செங்கல்லின் பக்கத்தில் பிளாஸ்டிக் எமல்ஷன் ஒட்டாமல் நிற்பதையும் சுண்ணாம்பு இசைந்து நிற்பதையும் ஒரே அறையில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்.

[காட்சி: ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றும் கைகள்.]

தரைக்குக் காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியின் பூக்கல் நல்ல துணை. கண்ணாடித் தகட்டின் மேல் உலோக அச்சை வைத்து, வண்ணக் குழம்பை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டுத் தயாரிக்கும் இந்தக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. தண்ணீரில் ஊறவைத்தே இறுகச் செய்கிறார்கள். அதன் வழுவழுப்பு அந்தக் கண்ணாடியிடமிருந்து வந்தது. செங்கல் சுவரின் கீழே மிகுதியான பூ வேலைப்பாடு கண்ணை அலைக்கழிக்கும் என்பதால், ஒற்றை நிறக் கல்லைப் பரப்பி ஓரத்தில் மட்டும் பூ வைக்கலாம். சிவப்பு ஆக்சைடு தரையும் அழகுதான், ஆனால் அதை விரிசல் இல்லாமல் தேய்த்து முடிக்கத் தெரிந்த கை இன்று எளிதில் கிடைப்பதில்லை.

மரத்துக்கு வருவோம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் கிடைக்கின்றன. வாங்கும் முன் உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். உங்கள் கூடத்தில் அப்படியொரு தூண் நிற்கிறது என்றால் எங்கோ ஒரு வளவு, அதாவது பழைய செட்டிநாட்டு வீடு, பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதும் என் மனத்தில் உறுத்துகிற செய்தி. ஆகவே அலங்காரத்துக்காக நான்கு தூண் வாங்குவதைவிட, நாள்தோறும் திறந்து மூடும் ஒரு கதவை வாங்குவதையே நான் விரும்புவேன். விரிப்புக்குப் பத்தமடைக் கோரைப் பாய், மூலையில் ஒரு மண்பானை, இவை போதும்.

[காட்சி: இரவு. கூரையிலிருந்து சுவரை உரசி இறங்கும் மஞ்சள் ஒளி.]

விளக்கைச் சுவருக்கு எதிரே வைக்காமல், சுவரை ஒட்டி ஓர் அடிக்குள் கூரையில் பதித்தால், ஒளி மேலிருந்து உரசி இறங்கி ஒவ்வொரு கல்லின் மேடு பள்ளத்தையும் நிழலால் எடுத்துக் காட்டும். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் ஒளி செங்கல்லின் சிவப்போடு ஒத்துப்போகும். படம் மாட்ட ஆணி அடிக்க வேண்டி வந்தால் கல்லில் துளையிடாமல் இரண்டு கல்லுக்கு நடுவேயுள்ள கலவையில் துளையிடுங்கள். படத்தை எடுத்தபின் ஒரு சிட்டிகைக் கலவையால் அந்தத் துளையை அடைத்துவிடலாம். உடைந்த கல்லின் முகத்தை அப்படி அடைக்க முடியாது.