அந்த 90 பேர் எங்கே போனார்கள்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உலக வணிகத்தால் உழைப்பவர் குடும்பம் பெற்றது அதிகமா, இழந்தது அதிகமா? இழந்ததே அதிகம் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் மேடைக்கு ஒரு வாஷிங் மெஷினையே தூக்கி வந்துவிட்டார். 2018இல் அமெரிக்கா இறக்குமதி மெஷினுக்கு வரி போட்டது, விலை சுமார் 12 சதவீதம் ஏறியது, வரியே போடாத துணி உலர்த்தும் டிரையரும் கூடவே விலை ஏறியது என்றார். எல்லாம் உண்மை. ஆனால் வரி போடலாமா கூடாதா என்பதா நம் தலைப்பு? மலிவு விலையின் பயன் கோடிக்கணக்கான வீடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேருகிறது, சரி. இழப்பு அப்படிப் பிரிவதில்லையே! ஆலை மூடினால் ஒரே ஊரில் ஆயிரம் வீட்டுச் சம்பளம் முழுசாக நின்றுபோகிறது.

உலக வணிகம் எல்லோருக்கும் லாபம் என்ற வாதத்துக்கெல்லாம் மூலவர் ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் டேவிட் ரிக்கார்டோ. 1817இல் ஒரு கணக்குப் போட்டார். குறிப்பிட்ட அளவு துணிக்குப் போர்ச்சுகலில் 90 பேர் ஓராண்டு உழைக்க வேண்டும், மதுவுக்கு 80 பேர். இங்கிலாந்தில் துணிக்கு 100, மதுவுக்கு 120. இரண்டிலும் போர்ச்சுகலுக்கே ஆள் குறைவு, ஆனால் மதுவில்தான் அதற்கு மிச்சம் அதிகம். ஆகவே போர்ச்சுகல் மதுவைப் பார்க்கட்டும், துணியை இங்கிலாந்திடம் வாங்கிக்கொள்ளட்டும், இருவருக்கும் லாபம். கணக்கில் பிழையே இல்லை. நான் கேட்பது அந்த 90 பேரைப் பற்றி. கணக்குப்படி அவர்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். தறியில் பாதி ஆயுளைக் கழித்தவருக்குக் கொடி கவாத்து செய்ய யார் கற்றுக்கொடுத்தது? தோட்டம் எந்த ஊரில் இருந்தது? ஊரே வேலை இழந்து நிற்கையில் அவர் வீட்டை யார் வாங்கினார்கள்?

2001இல் சீனா உலக வணிக அமைப்பில் சேர்ந்தது. 2000இல் அமெரிக்காவில் 1.7 கோடிக்கு மேல் இருந்த தொழிற்சாலை வேலைகள், 2010இல் சுமார் 1.15 கோடி. இதில் இயந்திரங்களுக்கும் 2008 நெருக்கடிக்கும் பங்கு உண்டு, முழுப் பழியையும் இறக்குமதிமேல் போட மாட்டேன். ஆனால் அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர் டேவிட் ஆட்டரும் கூட்டாளிகளும் வட்டாரம் வட்டாரமாக ஆராய்ந்து பார்த்தார்கள். மரச்சாமான், துணி என்று இறக்குமதிப் போட்டியில் சிக்கிய ஊர்கள் பத்து வருடம் கழித்தும் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் பெரிதாக இடம்பெயரவும் இல்லை. அங்கே இளைஞர்களின் திருமணங்கள் குறைந்தன, ஒற்றைப் பெற்றோரிடம் வளரும் குழந்தைகளின் விகிதம் கூடியது. விலைப்பட்டியலில் இதெல்லாம் வருமா?

‘இங்கே போன வேலை அங்கே ஓர் ஏழைப் பெண்ணுக்குச் சோறு போடுகிறது’ என்றார் எதிரணித் தோழி. மறுக்கவில்லை. வங்கதேசத்தில் தையல் வேலை லட்சக்கணக்கான பெண்களின் கையில் காசு கொடுத்தது. அதே நாட்டில்தான் 2013 ஏப்ரல் 23 அன்று தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டிடச் சுவரில் விரிசல் கண்டது. கீழ்த்தளத்துக் கடைகளும் வங்கியும் மூடப்பட்டன. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். கட்டிடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெளிநாட்டு ஆர்டரைக் குறித்த தேதியில் முடித்தாக வேண்டிய நெருக்கடியும் அந்த வாசலில் நின்றது.

சரி, பொருளாதாரப் புத்தகம் கடைசியாக ஒன்று சொல்லும்: லாபம் பெற்றவர்கள் நட்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்துவிடலாம். கொடுக்கலாம்தான், கொடுத்தார்களா? அமெரிக்கா 1962இலேயே இதற்கென்று ஓர் உதவித் திட்டத்தைச் சட்டமாக்கியது. வேலை போனதற்கு வரிச்சலுகையால் கூடிய இறக்குமதிதான் முக்கியக் காரணம் என்று நிரூபித்தாக வேண்டும். நிபந்தனை எவ்வளவு கடுமை என்றால், 1969 வரை ஒரு தொழிலாளர் விண்ணப்பம்கூடத் தேறவில்லை. பிறகு விதிகளைத் தளர்த்தினார்கள், பலருக்கு உதவியும் கிடைத்தது. 2022இல் புது விண்ணப்பங்களுக்கு அந்தக் கதவும் மூடியது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் முதலில் அந்த ஏழு வருடங்களுக்குப் பதில் சொல்லட்டும் நடுவர் அவர்களே. அப்புறம் வாஷிங் மெஷின் விலைக்கு வருவோம்.