கொழுந்து லொறி மட்டும் வரும் ரோடு

வணக்கம் மக்களே. மலையகத்தில் பஸ் ஹோர்ன் காதைப் பிளக்காமல் நிம்மதியாகச் சைக்கிள் மிதிக்க எங்கே போகலாம் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள், இன்றைக்கு அதை மட்டும்தான் பேசப் போகிறேன். ஏ7 வீதியில் ஹட்டன் பக்கம் மிதித்தவர்களுக்குத் தெரியும், வளைவுக்கு வளைவு ஒரு பஸ், அதை முந்த ஒரு வான், நமக்கு மிஞ்சுவது ஓரத்தில் ஒரு சாண் இடம். அதே வீதியில் தேயிலைத் தோட்டத்துப் பெயர்ப்பலகை நிற்கிற ஒரு சந்தியில் உள்ளே திரும்பிப் பாருங்கள், இரண்டு வளைவு தாண்டினால் வண்டிச் சத்தமே அடங்கிவிடும். நம்முடைய கிராவல் ரோடு அங்கேதான் ஆரம்பிக்கிறது. சைக்கிள்காரர்களுக்காக யாரும் போட்டது இல்லை, தோட்டம் தன் வேலைக்காகப் போட்டது. மண்வெட்டியும் அலவாங்கும் வைத்து அந்த மலையை வெட்டி ரோடாக்கியது நம்முடைய ஆட்கள்தான், தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்து வந்த அந்தத் தலைமுறையும் அவர்கள் பிள்ளைகளும். மிதிக்கும்போது எனக்கு இது ஞாபகம் வராத நாளே இல்லை.

சைக்கிளுக்கு இந்த ரோடுகள் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன தெரியுமா? பாரம் ஏற்றிய வண்டி ஏற வேண்டும் என்று மலையை வளைத்து வளைத்துக் கொண்டுபோன ரோடு இது. அதனால் ஏற்றம் நீளமாக இருக்கும், ஆனால் மூச்சை நிறுத்துகிற மாதிரி இருக்காது. குறுக்குப்பாதை வேறு கதை, அது படிக்கட்டும் கல்லுமாக நேராகச் செங்குத்தாக ஏறும், நடக்கிறவர்களுக்கு மட்டும்தான். சரி, கீழே தரையைக் கொஞ்சம் கிட்டப் பாருங்கள், கெமராவை இறக்கிக் காட்டுகிறேன். கருங்கல்லை அடுக்கி மேலே தார் ஊற்றியிருந்த ரோடு, தார் எப்போதோ போய்விட்டது, இப்போது கல்லின் கூர் மேலே நிற்கிறது. நடுவில் புல், இரண்டு பக்கமும் லொறிச் சக்கரம் ஓடிய தடம், அந்தத் தடத்தில் மட்டும் கல் கொஞ்சம் மழுங்கியிருக்கும், அதைப் பிடித்துப் போங்கள். குறுக்கே இப்படிக் கல் கட்டிய கான் வரும், மழைத் தண்ணீர் ரோட்டைக் கடக்கிற இடம், வேகமாக வந்தால் ரிம் கல்லில் அடிக்கும். அதனால் 40, 45 மில்லிமீற்றர் டயருக்குக் குறைவாக வேண்டாம், காற்றையும் கொஞ்சம் குறைத்து விடுங்கள், டியூப்லெஸ் என்றால் இன்னும் நல்லது. கியரில் பின் பல்லுச்சக்கரம் முன்னதை விடப் பெரியதாக ஒன்று இருக்கட்டும், டிஸ்க் பிரேக் கட்டாயம். இறக்கத்தில் கை வலிக்க வலிக்கப் பிடிக்க வேண்டியிருக்கும்.

வண்டியே வராது என்று நான் சொல்லவில்லை. ஒரு வண்டி வரும், பறித்த தேயிலைக் கொழுந்தை ஏற்றிப்போகிற கொழுந்து லொறி. சில இடத்தில் டிரக்டர். தோட்டத்தின் ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அது எப்போது வரும் என்றும் தெரியும். காலையில் பிரட்டுக்களத்தில், அதாவது வேலைக்கு ஆள் கூடுகிற இடத்தில், பேர் பதிந்து மலைக்குப் போவார்கள், அப்புறம் கொழுந்து நிறுக்கிற நேரம், பெரும்பாலான தோட்டங்களில் காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. நிறுவை முடிந்ததும் லொறி ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்குக் கிளம்பும். அந்த நேரத்தில் ஒற்றை ரோட்டு வளைவில் எதிரே மாட்டிக்கொள்ளாதீர்கள். எஞ்சின் சத்தம் கேட்டவுடனே இறங்கி மலைப்பக்கம் ஒதுங்குங்கள், பள்ளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம், அங்கே புல்லுக்குக் கீழே மண் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. தலையில் கொழுந்து மூட்டையோடு அக்காமார் வரிசையாக ரோட்டைக் கடக்கிறபோது நின்றுவிடுங்கள். அவர்களுக்கு அந்த நிமிடத்தில் கிலோ கணக்கு இருக்கிறது, நமக்கு ஓர் அவசரமும் இல்லை. சைக்கிள் சத்தமில்லாமல் வரும், அதனால் தூரத்திலேயே மணி அடியுங்கள், பக்கத்தில் வந்து அடித்தால் பதறிப் போவார்கள்.

லயத்துக்கு, அதாவது தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளுக்கு முன்னால் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கிறது, அவர்களுடைய முற்றம் என்பது அந்த ரோடுதான். விறகு காய்வதும் பிள்ளை ஓடுவதும் ஆச்சி உட்கார்ந்து கீரை ஆய்வதும் அங்கேதான். வேகமாக ஓட்டிப் போவதும் கேட்காமல் கெமராவைத் திருப்புவதும் எனக்குப் பிடிக்காத காரியம், என்னோடு வருகிறவர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவிடுவேன். "அம்மா, இந்த ரோட்டால் போகலாமா?" என்று கேளுங்கள், ரோடு எங்கே உடைந்திருக்கிறது, எந்தத் திருப்பத்தில் நாய் துரத்தும் என்று எல்லாம் சொல்லிவிடுவார்கள். கேட்டில் வாட்ச்சர் வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள், சில தோட்டங்களில் வெளியாள் போக விடுவதில்லை. தோட்டத்துக் கடையில் ஒரு ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் குடித்துவிட்டுக் கிளம்பினால் அடுத்த ஏற்றம் தானாக ஏறும்.

இப்போது முக்கியமான விஷயம், எந்த மாதம் எந்தப் பக்கம். மலையகத்துக்கு முகம் இரண்டு. மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேற்குப் பருவக்காற்று, ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் மழை விடாது பெய்யும், ரோடு முழுக்கப் பாசி, கால் முழுக்க அட்டை. அதே ஜூலை, ஆகஸ்டில் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும், அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த வாசமே வருகிறது. டிசம்பரில் வடகிழக்கு மழை தொடங்கினால் தலைகீழ், ஊவா நனையும், ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் டிம்புல பக்கம், அதாவது ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் வெயில், குளிர், தெளிந்த வானம். தேயிலைக்கு நல்ல காலம் எதுவோ நமக்கும் அதுதான் நல்ல காலம். பட்டிப்பொலைக்கும் ஒஹியவுக்கும் நடுவில் ரயில் பாதை 1,898 மீற்றரில் உச்சியைத் தொடுகிறது, அங்கே ஒரு சுரங்கம் இருக்கிறது. இந்தப் பக்கம் மூடுபனியில் நுழைந்து அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருவது உண்டு.

ஊவாப் பக்கம் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது ஒஹியவிலிருந்து உடவேரிய வழியாகக் களுபஹனவுக்கு இறங்குகிற வழி. மேலே டர்பன்டைன் மரமும் பைனஸ் காடும், காற்றில் தைல வாசம். அப்புறம் தேயிலை மலை, லயம், ஒரு கோயில். அதற்குப் பிறகு ரோடு ரோடாக இருக்காது, மானாப்புல் சரிவில் வளைந்து வளைந்து உடைந்த கல்லாக விழும், பிசாசுப் படிக்கட்டு என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் நிறைய தூரம் தள்ளிக்கொண்டு இறங்க வேண்டிவரும், அதில் ஒன்றும் குறைவில்லை. கீழே பம்பரகந்த, 263 மீற்றர், இலங்கையிலேயே உயரமான நீர்வீழ்ச்சி, அங்கிருந்து ஏ4 வீதி கிட்டத்தான். ஒரே நாளில் குளிர்க்காடு, தேயிலை, புல்வெளி, கீழ்நாட்டு வெக்கை எல்லாம் தாண்டிவிடலாம். லிப்டன் சீட் என்கிற மலையுச்சிக் காட்சியிடம் பற்றியும் கேட்டீர்கள். தம்பேதென்ன ஸ்டோரிலிருந்து ஏறுகிற வழி அழகுதான், ஆனால் விடியற்காலையில் சூரியோதயம் பார்க்க ஓட்டோக்கள் வரிசையாக ஏறும். வார நாளில், கூட்டம் இறங்கின பிறகு போங்கள்.

மேற்கில் முதலில் வருகிறவர்களுக்கு நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய தோட்டத்து ரோடுகளைச் சொல்வேன், ஏற்றம் குறைவு, தண்ணீர் கூடவே வரும். கால் பழகினவர்கள் பொகவந்தலாவையிலிருந்து டயகமப் பக்கம் ஏறலாம், அது முழு நாள் வேலை. பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதியாக, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற நடைபாதை இருக்கிறது, அதுவும் இந்தப் பக்கங்களைத் தொட்டுப் போகிறது. நடக்கிறவர்களுக்கு என்று அடையாளம் போட்ட பாதை, அவர்களுக்கு வழி விடுங்கள், படிக்கட்டு வந்தால் தூக்கிக்கொள்ளுங்கள். இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலைத் தோட்டமாக 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரவும் அந்த வழியில்தான், கலஹாவைத் தாண்டி.

பயப்பட வேண்டியது இரண்டுக்குத்தான். ஒன்று குளவி. தோட்டத்தில் குளவிக் கொட்டு சின்ன விஷயம் இல்லை, உயிரே போயிருக்கிறது. உயர்ந்த மரத்திலும் பாறை இடுக்கிலும் கூடு இருக்கும், அங்கே நின்று இளைப்பாறாதீர்கள், எந்த மலையில் கூடு என்று வேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். மற்றது மண்சரிவு. 2014இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்க முடியாது, 2025 நவம்பர் டித்வா புயலில் மலையகம் முழுக்கப் பட்ட அடி அதைவிடப் பெரிது. வரைபடத்தில் இருக்கிற ரோடு மலையில் இருக்கும் என்று நம்பி ஒருபோதும் கிளம்பாதீர்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது, மஞ்சள் என்றாலே நான் தோட்டத்து ரோட்டுக்குப் போக மாட்டேன். மழை விட்ட மறுநாளும் போக மாட்டேன், ஈரம் மலைக்குள் இருக்கும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் தோட்டத்து ரோடு இப்போது எப்படி இருக்கிறது, எது திறந்திருக்கிறது, எந்தப் பாலம் போனது, எழுதுங்கள். தோட்டத்துப் பெயரோடு மேக்கணக்கா பணியக்கணக்கா (மேல் பிரிவா கீழ்ப் பிரிவா) என்றும் சேர்த்துப் போடுங்கள். வருகிறதை எல்லாம் அடுத்த வீடியோவில் வரைபடத்தில் குறித்துக் காட்டுகிறேன்.