'இது சர்வாதிகாரம் அல்ல': உருகுவேயின் ஒரு வாரப்பத்திரிகை

நண்பர்களுக்கு வணக்கம். ஸ்பானிய மொழி இதழ்களைப் பற்றிப் பேச ஒரு மாலை போதாது. போர்ஹெஸின் கதைகளை வெளியிட்ட அர்ஜென்டினாவின் 'சுர்', பெருவில் மார்க்சியச் சிந்தனையாளர் மரியாத்தெகி 1926-இல் தொடங்கிய 'அமவ்தா' என்று வரிசை நீளும். அதனால் எனக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உருகுவே நாட்டின் 'மார்ச்சா'.

1939 ஜூனில் மான்டெவிடியோ நகரத்தில் கார்லோஸ் கிஹானோ இதைத் தொடங்கினார். அவர் வழக்கறிஞர், பொருளாதாரம் படித்தவர். நாட்டில் அப்போது முப்பது லட்சம் பேர்கூட இல்லை. தலையங்கத்தில் அரசியலும் பொருளாதாரமும் இருக்கும். உள்ளே போனால் இலக்கியம், சினிமா. தொடக்கத்தில் ஆசிரியர் குழுச் செயலாளராக இருந்தவர் ஹுவான் கார்லோஸ் ஒனெட்டி. அவருடைய முதல் நாவல் அதே ஆண்டுதான் வந்தது, அச்சடித்ததே 500 பிரதி. 'குட்டையில் எறிந்த கல்' என்ற பத்தியைப் புனைபெயரில் எழுதி, உள்ளூர் எழுத்து தூங்கிக் கிடக்கிறது என்று விளாசினார். பின்னாளில் இலக்கியப் பக்கங்களை விமர்சகர்கள் ரோத்ரிகெஸ் மொனெகலும் ஆங்ஹெல் ராமாவும் பார்த்துக்கொண்டார்கள். லத்தீன் அமெரிக்க எழுத்தைப் பற்றிய பேச்சில் இந்த இருவரையும் தவிர்க்கவே முடியாது.

சினிமா விமர்சனத்துக்காக வாங்குகிறவர் கையில் கடன் கொள்கை பற்றிய கட்டுரையும் சேர்ந்தே போய்விடும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. முப்பத்து நான்கு ஆண்டுகள் இப்படிப் படித்துப் பழகிய வாசகர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு 1973-ஐப் பாருங்கள்.

அந்த ஆண்டு ஜூன் 27 அன்று அதிபர் பொர்தாபெரி ராணுவத்தின் துணையோடு நாடாளுமன்றத்தைக் கலைத்தார். ஆட்சிக்குச் சர்வாதிகார நோக்கம் இருப்பதாக எந்த ஊடகமும் சொல்லக்கூடாது என்று அந்த ஆணையிலேயே ஒரு பிரிவு இருந்தது. சரி, 'மார்ச்சா' என்ன செய்தது? ஆணையை எடுத்து அப்படியே அச்சிட்டது. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'இது சர்வாதிகாரம் அல்ல' என்று போட்டது. சட்டப்படி ஒரு குற்றமும் கிடையாது. படித்தவர் எல்லோருக்கும் புரிந்தது. வாசகர்களை அவ்வளவு நம்பாத ஓர் ஆசிரியரால் அந்தத் தலைப்பைப் போட்டிருக்கவே முடியாது.

அப்புறம் 1974. பத்திரிகை நடத்திய சிறுகதைப் போட்டியில் நெல்சன் மர்ராவின் 'மெய்க்காவலன்' பரிசு பெற்றது. காவல்துறை ஆள் ஒருவனின் மனதுக்குள் போகும் கதை. நடுவர் குழுவில் இருந்த ஒனெட்டி, அதில் வரும் பாலியல் வன்முறைப் பகுதிகள் இலக்கிய ரீதியில் தேவையற்றவை என்று தன் ஆட்சேபத்தைத் தீர்ப்போடு சேர்த்தே பதிவு செய்திருந்தார். அதெல்லாம் அவரைக் காப்பாற்றவில்லை. எழுதியவர், ஒனெட்டி உட்பட நடுவர்கள் இருவர், ஆசிரியர் கிஹானோ, உடன் பணியாற்றிய ஊகோ அல்ஃபாரோ எனப் பலர் கைதானார்கள். உடல்நிலை கெட்டு ஒனெட்டி மனநல மருத்துவமனைக்கு மாற்றப்பட்டார். வெளியே வந்த பிறகு மாட்ரிட் போனவர் 1994-இல் அங்கேயே இறந்தார். மர்ரா பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். ஒரு சிறுகதைக்காக! இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. 1974 நவம்பரில் பத்திரிகையையே நிரந்தரமாக மூடிவிட்டார்கள்.

கிஹானோ மெக்சிகோவில் தஞ்சம் புகுந்தார். முன்பு மான்டெவிடியோவில் நடத்திய 'மார்ச்சா குறிப்பேடுகள்' இதழை அங்கிருந்து மறுபடி கொண்டுவந்தார். ஊர் திரும்பக் கொடுத்துவைக்கவில்லை, 1984-இல் காலமானார். அடுத்த ஆண்டு உருகுவேயில் மக்களாட்சி திரும்பியது. அக்டோபரில், சிறைக்குப் போய்வந்த அதே அல்ஃபாரோ பழைய கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 'ப்ரெச்சா' என்ற வாரப்பத்திரிகையைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைதோறும் அது வந்துகொண்டிருக்கிறது.